ஏட்டின் வயதும் பாட்டின் வயதும்

ஜரதுஷ்டிரர் கி.மு. 6ஆம் நூற்றாண்டினர், புத்தருக்கும் மகாவீரருக்கும் கன்பூசியசுக்கும் சமகாலத்தவர், அவர் பெயரால் வழங்கும் காதாப் பாடல்களும் அந்நூற்றாண்டிலேயே பிறந்தவை என்பது பொது அறிவுக் கையேடுகளிலும் சமய வரலாற்று அறிமுகங்களிலும் நெடுங்காலமாக இடம்பெற்றுவரும் கருத்து. ஜெர்மானிய மெய்யியலாளர் கார்ல் யாஸ்பர்ஸ் 1949இல் கி.மு. 800க்கும் 200க்கும் இடைப்பட்ட காலத்தை மானுடச் சிந்தனையின் அச்சுக்காலம் என்று வகுத்து, அதில் ஜரதுஷ்டிரரையும் ஓர் ஆசானாக அமர்த்திய பின்னர் இக்கருத்துக்குத் தத்துவ மதிப்பும் சேர்ந்தது. ஒரே நூற்றாண்டில் உலகெங்கும் ஞானியர் தோன்றினர் என்னும் காட்சி கவர்ச்சியானது. ஆயினும் ஜரதுஷ்டிரரைப் பொறுத்தவரை அது சான்றுகளுக்கு மாறானது. இக்கருத்தை மூன்று முட்டுகள் தாங்கி நிற்கின்றன. அவற்றில் முதலாவது பிற்காலத்தார் போட்ட ஆண்டுக்கணக்கு. இரண்டாவது ஒரு பெயர் ஒற்றுமை. மூன்றாவது, எழுதப்படாத பாடல் ஆயிரம் ஆண்டு சிதையாமல் வாழாது என்னும் நம்பிக்கை. இம்மூன்றாவது முட்டு எவ்வளவு பலவீனமானது என்பதைப் கேரள, தமிழக எல்லையில் உள்ள பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதியின் செப்பேடுகளே காட்டித் தருகின்றன.

காதாக்கள் என்பவை அவெஸ்தா எனப்படும் பார்சி மறைத்தொகுதியின் மிகப் பழைய பகுதி. பார்சிக் குருமார் தீயின் முன் நிகழ்த்தும் யஸ்னா என்னும் வழிபாட்டின் 72 இயல்களுக்குள் 17 இயல்களாக அவை பொதிந்து கிடக்கின்றன. யாப்பு வேறுபாட்டால் ஐந்து தொகுப்புகளாகப் பிரிந்து, அசை எண்ணிக்கையால் கட்டப்பட்ட இப்பாடல்கள் நவசாரியிலும் உத்வாடாவிலும் மும்பையிலும் இன்றும் ஓதப்படுகின்றன. யஸ்னாவின் 29ஆம் இயலில் பசுவின் ஆன்மா தன்னைப் படைத்தவரிடம் கொள்ளையும் கொடுமையும் தன்னைச் சூழ்ந்திருப்பதாக முறையிட்டுத் தனக்கொரு காவலனைக் கேட்கிறது. 46ஆம் இயலில் பாடகர் தம்மிடம் மந்தையும் ஆட்களும் குறைவு என்பதால் எங்கே போவது என்று தவிக்கிறார்; 44ஆம் இயலில் தமக்குப் பரிசாகச் சொல்லப்பட்ட பத்துப் பெண்குதிரைகளும் ஓர் ஆண்குதிரையும் ஓர் ஒட்டகமும் கிடைக்குமா என்று இறைவனிடமே வினவுகிறார். நகரம், நாணயம், எழுத்து, பேரரசு ஆகியவற்றின் சுவடே இப்பாடல்களில் இல்லை. பேரரசுகள் எழுந்த 6ஆம் நூற்றாண்டு ஈரானில் இவற்றை வைக்க விரும்புவோர் முதலில் இந்த இன்மைக்கு விளக்கம் தர வேண்டும்.

அவர்கள் தருவது விளக்கமன்று, ஓர் எண். அலெக்சாந்தருக்கு 258 ஆண்டு முன்பு ஜரதுஷ்டிரர் தோன்றினார் என்ற செய்தி, கி.பி. 1000ஐ ஒட்டி எழுதிய அல்பிரூனியின் காலக்கணிப்பு நூலிலும் வேறு நூல்களிலும் காணப்படுகிறது. பாரசீகம் கி.மு. 330இல் அலெக்சாந்தரிடம் வீழ்ந்தது என்பதால் அதனோடு 258ஐக் கூட்டி கி.மு. 588ஐப் பெற்று, அங்கிருந்து முன்னும் பின்னும் நகர்ந்து, கி.மு. 628 முதல் 551 வரை என்னும் வாழ்நாள் எல்லையையும் வகுத்துவிட்டனர். ஆனால் 258 என்ற எண் எவ்வாறு பிறந்தது என்பதைப் பஹ்லவி மொழியில், அதாவது இடைக்காலப் பாரசீகத்தில், அமைந்த புந்தகிஷ்ன் என்னும் நூல் மறைக்காமல் காட்டுகிறது. சமயம் வந்த பின் விஷ்தாஸ்பன் ஆண்டது 90 ஆண்டு, வகுமன் ஆண்டது 112 ஆண்டு, உமாய் என்னும் அரசி ஆண்டது 30 ஆண்டு, தாரா 12 ஆண்டு, அவன் மகன் தாரா 14 ஆண்டு. இவற்றின் கூட்டுத்தொகையே 258. ஒருவன் மட்டும் 112 ஆண்டு அரசாண்டதாகச் சொல்லும் இப்பட்டியலில், பாரசீகப் பேரரசை நிறுவிய சைரசும் இல்லை, கிரேக்கத்தின் மீது படையெடுத்த செர்க்சசும் இல்லை. பட்டியலின் உறுப்புகளை நம்பாத வரலாற்றாசிரியர்கள் அவற்றின் கூட்டுத்தொகையை மட்டும் நம்பியது வியப்புக்குரியது.

இக்கணக்கின் தரத்தைச் சோதிக்க இன்னொரு வழியும் உண்டு. அதே மரபு, அலெக்சாந்தருக்கும் சாசானிய அரசை நிறுவிய அர்தஷீருக்கும் இடைப்பட்ட காலம் ஏறத்தாழ 260 ஆண்டு என்று கூறுகிறது. உண்மையில் அது சுமார் 550 ஆண்டு. ஜரதுஷ்டிரருக்கு ஆயிரம் ஆண்டு கழித்துப் பேரழிவு வரும் என்ற நம்பிக்கைக்கு அஞ்சி அர்தஷீர் காலக்கணக்கைச் சுருக்கினான் என்று 10ஆம் நூற்றாண்டு அரபு வரலாற்றாசிரியர் மசூதி எழுதியிருக்கிறார். காரணம் எதுவாயினும், நன்கு அறியப்பட்ட இடைவெளியிலேயே பாதிக்கு மேல் தொலைத்துவிட்ட கணக்கு, அதற்கும் முந்திய இருண்ட காலத்தை மட்டும் ஆண்டு பிசகாமல் காத்தது என்று கொள்ள இடமில்லை.

இரண்டாவது முட்டு விஷ்தாஸ்பன் என்னும் பெயர். காதாக்களில் ஜரதுஷ்டிரரை ஆதரித்த தலைவனின் பெயர் அது. பேரரசன் தாரியசின் தந்தையும் அப்பெயரினரே, எனவே இருவரும் ஒருவரே என்பது வாதம். இந்த ஒருமைப்பாட்டை கி.பி. 4ஆம் நூற்றாண்டின் ரோமானிய எழுத்தாளர் அம்மியானுஸ் மார்செல்லினுசே கூறியிருக்கிறார் என்பதால் அதற்குப் பழமையின் ஒளியும் உண்டு. ஆனால் பெகிஸ்தூன் பாறையில் தாரியஸ் தானே பொறித்துவைத்த குலவரிசையில் அவர் தந்தை விஷ்தாஸ்பனின் தந்தை அர்சாமன், அவனுக்குத் தந்தை அரியராம்னன். அவெஸ்தாவின் விஷ்தாஸ்பனோ கவி என்னும் பட்டம் தாங்கிய கிழக்கு ஈரானியத் தலைவன், அவன் தந்தை அவுர்வதாஸ்பன். இரு வரிசைகளும் எங்கும் ஒட்டவில்லை. சேர நாட்டிலும் பாண்டி நாட்டிலும் இரவிவர்மர்கள் பலர் இருந்திருக்க, பெயர் ஒன்றென்பதால் அவர்களை ஒருவராக்கும் வரலாற்றாசிரியர் எவரும் இல்லை. மேலும், தாரியசுக்கு அடுத்த தலைமுறையில் பாரசீகரின் சமயத்தை விரிவாக எழுதிய ஹெரோடோட்டஸ் ஜரதுஷ்டிரரின் பெயரையே சொல்லவில்லை. அவரைப் பேசிய கிரேக்கர்களோ ட்ரோயப் போருக்கு 5,000 ஆண்டு முன்பு என்றும், செர்க்சசின் படையெடுப்புக்கு 6,000 ஆண்டு முன்பு என்றும் எழுதினர். அந்த எண்கள் வரலாறல்ல என்பது வெளிப்படை. ஆனால் தாரியசின் தந்தையிடம் வாழ்ந்த ஒருவரைப் பற்றி அண்டை நாட்டார் இவ்வாறு பேசியிருக்க மாட்டார்கள் என்பதும் அதே அளவு வெளிப்படை.

ஆண்டுக்கணக்கும் பெயரொற்றுமையும் கைவிட்ட நிலையில் எஞ்சும் நேரடிச் சான்று பாடல்களின் மொழியே. கி.மு. 520ஐ ஒட்டிப் பொறிக்கப்பட்ட தாரியசின் பழம்பாரசீகக் கல்வெட்டில் வேற்றுமை உருபுகள் சில ஒன்றோடொன்று கலந்துவிட்டன; கொடைப்பொருள் வேற்றுமையின் பணியை உடைமை வேற்றுமையே செய்கிறது. காதாக்களின் மொழியோ எட்டு வேற்றுமைகளையும் இருமை எண்ணையும் பல்வகை வினைவடிவங்களையும் முழு உயிர்ப்போடு ஆள்கிறது. இலக்கணச் செறிவில் அதற்கு இணை ரிக்வேதமே. மொழிகள் ஒரே வேகத்தில் மாறுவதில்லை, கிழக்கு ஈரானிய மொழி மெதுவாக மாறியிருக்கலாம் என்பது இதற்கு எதிராக எழும் தடைகளில் வலுவானது. அதற்கு விடை அவெஸ்தாவுக்குள்ளேயே இருக்கிறது. பிற்கால அவெஸ்தா எனப்படும் பெரும்பகுதி அதே மொழிக் குடும்பத்தின் கிழக்குக் கிளையிலேயே, ஆனால் தெளிவாக இளைய நடையில் அமைந்தது. அப்பகுதியின் யஸ்னா 19 முதல் 21 வரையான இயல்கள், காதாமொழியில் உள்ள மூன்று குறுமந்திரங்களுக்குச் சொல்சொல்லாக உரை எழுதுகின்றன. உரை வேண்டும் அளவுக்கு அன்றே பழகாத மொழியாக அது மாறிவிட்டது என்பதையும், உரைகாரர் கைவைக்கத் துணியாத அளவுக்கு மூலம் உறைந்துவிட்டது என்பதையும் இது ஒருங்கே காட்டுகிறது.

அந்த இளைய பகுதியின் நிலவியலும் கவனிக்கத்தக்கது. வெந்திதாத் என்னும் நூலின் முதல் இயல் எண்ணும் 16 நாடுகளும், மித்ரனைப் போற்றும் பாடல் காட்டும் நாடுகளும் சோக்தியம், மார்கியானா, ஆராகோசியா, ஏழு சிந்து எனப் பெரும்பாலும் ஈரானின் கிழக்கையும் இந்துகுஷ் மலைச்சாரலையும் சூழ்ந்தவை. மேதியரின் பெயரோ, பாரசீகரின் பெயரோ, மேற்கின் பெருநகரங்களோ அங்கே இல்லை. சைரசின் பேரரசுக்குப் பின் எழுதிய கிழக்கத்தியப் புலவர் எவரும் தம்மை ஆளும் இனத்தின் பெயரையே அறியாதிருந்தார் என்று கொள்வது கடினம். இளைய அவெஸ்தாவே பேரரசுக்கு முற்பட்டதெனின், அதற்கே பழமையாகிவிட்ட காதாக்கள் அதனினும் பல நூற்றாண்டு மூத்தவை. கி.மு. 1500க்கும் 1000க்கும் இடையே என்னும் பரந்த எல்லையை மொழியறிஞரில் பலர் ஏற்பதற்கு இதுவே அடிப்படை.

இங்கே மூன்றாவது முட்டு முன்வைக்கப்படுகிறது. யஸ்னாவின் பழைய ஏடுகளில் தலைசிறந்த இரண்டும் 1323இல் காம்பே நகரில் மிஹ்ரபான் கைகுஸ்ரோ என்னும் குருவால் படியெடுக்கப்பட்டவை. அவற்றுக்கும் பாடல்களின் கூறப்படும் காலத்துக்கும் இடையே 2,000 ஆண்டுக்கு மேல் வெற்றிடம் உள்ளதால், மூலம் மாறாமல் வந்தது என்று எப்படி நம்புவது என்பது கேள்வி. பிரெஞ்சு அறிஞர் ஜேம்ஸ் தார்மெஸ்தெதர் 1890களில் இக்கேள்வியை அதன் எல்லைவரை கொண்டுசென்று, பழைய மறை அலெக்சாந்தரின் படையெடுப்போடு அழிந்தது, இன்றுள்ள காதாக்கள் கிரேக்கச் சிந்தனை பரவிய பின் கட்டப்பட்டவை என்று வாதிட்டார். பொன் மையால் மாட்டுத்தோல்களில் எழுதிய மறையை அலெக்சாந்தர் எரித்தான் என்னும் பஹ்லவிக் கதையும் இதே எண்ணத்தின் விளைவு. அக்கதையைக் கட்டியவரும் தார்மெஸ்தெதரும் பாடலின் இருப்பிடம் தோல் என்று கொண்டனர்; தோல் எரிந்ததும் பாடலும் எரிந்ததாக முடிவுகட்டினர்.

பாடலின் இருப்பிடம் எது என்பதற்குத் தென்திருவிதாங்கூரில் காலம் குறித்த ஆவணம் ஒன்று உண்டு. பாறசாலைக்குக் கிழக்கே களியக்காவிளையைக் கடந்து தெற்கே இறங்கினால் குழித்துறை ஆற்றுப் பகுதியில் உள்ள பார்த்திவபுரத்தில், ஆய் அரசன் கோக்கருநந்தடக்கன் முஞ்சிறைச் சபையாரிடமிருந்து நிலம் மாற்றிக் கொண்டு திருமால் கோயில் எடுத்து, பார்த்திவசேகரபுரம் எனப் பெயரிட்டு, 95 சட்டர்களுக்கு, அதாவது வேதம் பயிலும் மாணவர்களுக்கு, ஒரு சாலை நிறுவினான். கலியுகத்தின் 14,49,087ஆம் நாள் என்று செப்பேடு தரும் குறிப்பு கி.பி. 866ஆம் ஆண்டைக் காட்டுகிறது. திருவனந்தபுரத்தின் வலியசாலைப் பகுதியில் இருந்ததாகப் பலர் கருதும் காந்தளூர்ச் சாலையின் முறையே இதற்கும் முன்மாதிரி. எனவே இரண்டு சாலைகளுக்கும் இடையில் கிடக்கும் நிலமே நெய்யாற்றின்கரையும் பாறசாலையும். 95 இடங்களில் 45 பவிழிய சரணத்தார்க்கும், 36 தைத்திரிய சரணத்தார்க்கும், 14 தலவகார சரணத்தார்க்கும் உரியவை. சரணம் என்பது குறிப்பிட்ட ஒரு பாடவடிவத்தைத் தலைமுறைதோறும் ஓதிக் காக்கும் கூட்டம்; பவிழியம் ரிக்வேதத்தையும், தைத்திரியம் யசுர்வேதத்தையும், தலவகாரம் சாமவேதத்தின் ஒரு கிளையையும் காத்தன.

இச்செப்பேட்டில் எழுதப்பட்டது எது, எழுதப்படாதது எது என்பதே இவ்வாதத்துக்கு முக்கியம். நிலத்தின் எல்லைகள், சாலைக்குரிய வருவாய், சேர்க்கைக்கான தகுதி, ஒழுக்கம் தவறினால் தண்டம் என அனைத்தும் தமிழில் நுணுக்கமாகப் பதிவாகியுள்ளன. 95 பேரும் எதற்காக உண்டுறைந்து பயின்றனரோ அந்த வேதத்தின் ஒரு மந்திரமும் அதில் இல்லை. எழுத்தறியாதவர்கள் வாய்மொழியை நாடினர் என்னும் விளக்கம் இங்கே பொருந்தாது. எழுத்தை நன்கு அறிந்தவர்கள் நிலத்தைச் செம்பிலும் மந்திரத்தை நாவிலும் வைத்தனர். நாவில் வைத்ததைக் காக்க நெல்லும் நிலமும் தண்டமும் ஒதுக்கினர். அங்கே பயிலப்பட்ட தலவகாரச் சாமவேதம், பாஞ்ஞாள் முதலிய ஊர்களின் நம்பூதிரிக் குடும்பங்களிடம் இன்றளவும் ஓதப்படுகிறது என்பதால், இந்த ஏற்பாடு வெறும் விருப்பமாக நின்றுவிடவில்லை.

வாய்மொழிப் பாட்டு மாறாமல் இருக்காது என்பதற்கு இதே எல்லைப் பகுதியிலிருந்தே எதிர்ச்சான்று காட்ட முடியும். கணியாகுளத்தில் திருமலை நாயக்கரின் படையோடு பொருது மாண்ட இரவிக்குட்டிப் பிள்ளையின் கதை, நெய்யாற்றின்கரை முதல் கல்குளம் வரை பாட்டாகப் பரவி, பாடுபவருக்கும் ஊருக்கும் ஏற்ப நீண்டும் குறுகியும் வேறுபட்டிருக்கிறது. கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டுப் புலவர் கேட்போரின் முகம் பார்த்துக் கதையை விரிப்பது அக்கலையின் குறையன்று, இலக்கணம். ஆனால் வில்லுப்பாட்டின் இயல்பைக் கொண்டு வேள்விப்பாட்டை அளப்பது, இரண்டும் வாய்வழி வந்தவை என்ற ஒரே காரணத்தால் இரண்டையும் ஒன்றாக்கும் பிழை. முன்னதில் புதுமை பாராட்டைப் பெறும்; பின்னதில் ஓரசை பிசகினாலும் சடங்கு கெடும் என்ற அச்சம் காவல் நிற்கும். சொல்லைப் பிரித்தும், இணைத்தும், முன்பின்னாக மாற்றியும் ஓதும் பதம், கிரமம், சடை முதலிய முறைகளும், கடவல்லூர்க் கோயிலில் திருச்சூர், திருநாவாய் ஓதல் மரபினர் ஒருவரையொருவர் சோதிக்கும் அன்யோன்யம் என்னும் போட்டியும் அந்தக் காவலின் வடிவங்கள். காதாக்களும் வேள்விப்பாட்டு வகையைச் சேர்ந்தவையே.

பார்த்திவசேகரபுரத்தின் சான்று, நெடுங்கால வாய்வழிக் காப்பு இயலும் என்பதை மட்டுமே நிறுவுகிறது; ஈரானியர் அதைச் செய்தனர் என்பதற்குத் தனிச்சான்று வேண்டும் என்பது நியாயமான கோரிக்கை. அச்சான்றுகள் இரண்டு. சாசானியர் காலத்தில் அன்றாட எழுத்தாக இருந்த பஹ்லவி வரிவடிவம் ஓரெழுத்துக்குப் பல ஒலி கொண்ட குழப்பமான ஒன்று; கொல்லத்தில் வேணாட்டு அய்யனடிகள் 849இல் வழங்கிய தரிசாப்பள்ளிச் செப்பேட்டின் இறுதியில், அரபு, எபிரேய எழுத்துகளில் கையொப்பமிட்டவர்களோடு பத்துப் பேர் இந்த வரிவடிவத்திலேயே சான்றிட்டிருக்கின்றனர், அவர்களுள் ஜரதுஷ்டிர சமயத்தாரும் இருந்ததாக ஆய்வாளர் கொள்கின்றனர். வாணிக ஒப்பந்தத்துக்கு அது போதுமானதாக இருந்தது. மறையை எழுத முனைந்தபோதோ குருமார் அதை ஒதுக்கி, குறிலும் நெடிலும் மூக்கொலியும் தனித்தனியே காட்டும் ஐம்பதுக்கு மேற்பட்ட எழுத்துகள் கொண்ட புதிய வரிவடிவத்தைச் சமைத்தனர். தாம் பேசும் மொழியில் இல்லாத நுண்ணொலிகளுக்கெல்லாம் எழுத்து அமைத்தது, அவ்வொலிகள் ஓதுவாரின் நாவில் உயிரோடிருந்தன என்பதற்குச் சான்று. எழுத்து பாடலைப் படைக்கவில்லை, ஓதலுக்குப் பின்னால் சென்று அதைப் பதிவு செய்தது.

இரண்டாவது சான்று சீனாவின் வடமேற்கில் உள்ள துன்ஹுவாங் குகையிலிருந்து ஆரல் ஸ்டைன் கொண்டுவந்து, இப்போது பிரித்தானிய நூலகத்தில் இருக்கும் ஒரு தாள். ஏறத்தாழ 9ஆம் நூற்றாண்டில், அதாவது தரிசாப்பள்ளிச் செப்பேடும் பார்த்திவபுரச் செப்பேடும் வெட்டப்பட்ட அதே நூற்றாண்டில், சோக்திய எழுத்தில் எழுதிய அத்தாளில், 12 சொற்களால் ஆன அஷெம் வொகு என்னும் மந்திரம் இடம்பெற்றுள்ளது; காம்பே ஏடுகளினும் அது நான்கு நூற்றாண்டு பழையது. வேத மொழியின் ருதம் என்பதற்கு உடன்பிறப்பான சொல்லை மற்ற அவெஸ்தா ஏடுகள் அஷ என்னும் பிற்கால ஒலியில் எழுத, இத்தாள் ரகரமும் தகரமும் சிதையாத வடிவத்தில் எழுதியிருக்கிறது. சாசானியரின் ஏட்டைப் பார்த்து எழுதியவருக்கு அவ்வடிவம் கிடைத்திருக்க வழியில்லை. ஏட்டு மரபைச் சாராமல், அதனினும் பழைய ஒலியோடு, ஓதல் மரபு ஒன்று சோக்தியர் நடுவே நூற்றாண்டுகள் கடந்து வந்திருக்கிறது என்பதே இதற்குப் பொருந்தும் விளக்கம்.

6ஆம் நூற்றாண்டுக் கருத்து வீழ்ந்தால் அதன் இடத்தில் அமர இந்தியாவில் இன்னொரு கருத்து காத்திருக்கிறது என்பதால் அதையும் மறுப்பது கடமையாகிறது. காதாக்கள் ரிக்வேதத்திலிருந்து பிரிந்து சிதைந்த கிளை, ஜரதுஷ்டிரர் வேதநெறியோடு மாறுபட்டு வெளியேறிய ஒருவர் என்பது அது. ஒலிவரலாறு இதற்கு இடம் தரவில்லை. சோமம் என்பது அவெஸ்தாவில் ஹவோமமாக நிற்பதைக் காட்டி வேதமே மூத்தது என்பர். ஆனால் காதாக்களின் இறைப்பெயரான மஸ்தாவில் உள்ள ஒலிப்புடைய ஸகரம், அதன் இணையான மேதாவில் தேய்ந்து ஏகாரமாகிவிட்டது. தாய்மொழி இழந்த ஒலியை மகள்மொழி மீண்டும் உண்டாக்கிக்கொள்ள முடியாது. ஓரிடத்தில் வேதமும் இன்னோரிடத்தில் அவெஸ்தாவும் பழமையைக் காக்கின்றன என்றால், இரண்டும் பெயரறியாத ஒரு பொதுத்தாயின் மக்கள். தரிசாப்பள்ளிச் செப்பேட்டின் மொழியைத் தமிழ் என்று தமிழறிஞரும் மலையாளம் என்று மலையாள அறிஞரும் உரிமை கொண்டாடுவதை அறிந்த எல்லைப்புற வாசகருக்கு இந்நிலை புதிதன்று. இன்றைய இருமொழிகளில் ஒன்றை அச்செப்பேட்டுக்குச் சூட்டி மற்றதை அதன் சிதைவாக்கும் வழக்கு எவ்வளவு பொருளற்றதோ, காதாவை வேதத்தின் சிதைவாக்குவதும் அவ்வளவு பொருளற்றது.

பல நூற்றாண்டுகளைக் கூட்டியோ குறைத்தோ சொல்வதால் என்ன கேடு என்று கேட்கலாம். கேடு பாடலின் பொருளில் விளைகிறது. காதாக்களை 6ஆம் நூற்றாண்டில் வைத்து வாசிப்பவருக்குப் பசுவின் முறையீடு ஓர் உருவகமாகவும், பத்துக் குதிரைகள் பற்றிய கேள்வி ஞானிக்கு ஒவ்வாத உலகியலாகவும் தோன்றும். புத்தரின் சாயலில் ஓர் ஆசானைத் தேடி, அதற்கு அடங்காத வரிகளை அவர் ஒதுக்க நேரும். மந்தை கவர்தலே போராகவும் மந்தையே செல்வமாகவும் இருந்த மேய்ச்சல் சமூகத்தில் வைத்து வாசிக்கும்போது அதே வரிகள் நேர்பொருளில் நின்று, காவலற்ற குடிகளின் நடுவே நன்மை தீமை பற்றிய ஒரு புதிய வழக்கை எழுப்பிய புலவரைக் காட்டுகின்றன. தமிழுக்கும் இவ்வளவுகோலில் பங்குண்டு: உ.வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பிக்கப் பயன்படுத்திய ஓலைச்சுவடிகள் பிற்காலப் படிகளே என்பதால் அப்பாடல்களைப் பிற்காலத்தவை என்று எவரும் கொள்வதில்லை. மொழியையும் வாழ்க்கைச் சூழலையும் பார்த்தே அவற்றின் காலம் உசாவப்படுகிறது. அந்த நீதியைக் காதாக்களுக்கும் வழங்கி, கி.மு. 6ஆம் நூற்றாண்டு என்னும் தொடரைக் கையேடுகளிலிருந்து நீக்கி, கி.மு. இரண்டாம் ஆயிரத்தாண்டின் பிற்பாதி என்று திருத்துவதே சான்றுகள் வேண்டி நிற்கும் முடிவு.